கீழே விட்டவனுக்கு முதல் டீ

கையை இன்ஜினுக்குள் விடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யார் நின்று என்ன கேட்டாலும் பதில் வராது. உதடு மட்டும் லேசாக அசையும். சாமி கும்பிடுகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒருநாள் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டபோது தெரிந்தது, உள்ளே விழுந்த நட்டோடு பேசிக்கொண்டிருந்தார். "வா, வா, எங்க போற? இங்கதான கீற நீ" என்று, கட்டிலுக்கு அடியில் பதுங்கிய பூனைக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி.

திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சி.டி.எச். ரோட்டுக்கு வரும் வழியில் பாபுவின் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அவர் அங்கே வேலைக்கு இருந்தாரா, சும்மா வந்து உட்கார்ந்திருந்தாரா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பழைய லாரி டயரின் மேல் ஒரு பலகை, அதுதான் அவர் இருக்கை. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி வரை எந்த ஷெட்டில் எவன் இன்ஜினைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு வாஷரைத் தவறவிட்டாலும் பாபுவின் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். சற்று நேரத்தில் முகம் வெளுத்துப்போன ஒருவன் பைக்கில் வந்து இறங்குவான். இவர் ஒரு ரெக்ஸின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்காருவார். போகிற வழியிலெல்லாம் அவனிடம் ஒன்றும் கேட்கமாட்டாராம்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். சேக்காட்டில் கிளம்பி, ஆவடியில் சிலரையும் திருமுல்லைவாயில் ஃபிளாட்டுகளில் பலரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் கொட்டிவிட்டு, மத்தியானம் மறுபடி அள்ளிக்கொண்டு வருகிற வேலை. சொல்லும்போதே அலுப்பாக இருக்கிறது. என் வண்டியில் முன்சீட்டைத் தூக்கினால் அடியிலேயே இன்ஜின். பிள்ளைகள் தவறவிடுகிற சகலமும் அந்தப் பள்ளத்துக்குத்தான் போய்ச் சேரும். முதல் தடவை நான் அந்த ஷெட்டில் வண்டியை விட்டபோது அவர் சீட்டைத் தூக்கி, இன்ஜினைச் சுற்றிக் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ரப்பர், ஷார்ப்னர், ஹேர் கிளிப், காய்ந்துபோன எலுமிச்சை சாதம் ஒட்டிய ஸ்பூன். கடைசியாக உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னா தங்கச்சி, பல்லு கீது?"

"பால் பல்லுண்ணே. போன மாசம் ஒரு பொண்ணு பல்லைக் காணோம்னு அழுதுகிட்டே வந்தா."

அவர் அந்தப் பல்லைத் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். "குட்த்துடு. தேடிக்கினு கீதோ இன்னாவோ." பிறகு சீட்டை இறக்கிவிட்டு, "இதெல்லாம் இன்ஜினுக்கு வெளிய உழுந்தது. இதுக்குப் பயமில்ல. உள்ள பூந்துச்சின்னாதான் பேஜாரு" என்றார்.

அந்தப் பேஜாரு என்னவென்று அந்த ஷெட்டில் காத்துக்கிடந்த நேரங்களில் நானும் கற்றுக்கொண்டேன். கொண்டைக்கடலை அளவு நட்டுதான். அது உள்ளே கிடக்கும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பிஸ்டன் அதைக் கொண்டுபோய் மேலே இடிக்கும். ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கப்புறம் அந்த இன்ஜினைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. பாபு ஒரு ஓட்டை விழுந்த பிஸ்டனைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தான். போகிற வருகிற டிரைவர்களெல்லாம் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து 'உச்' கொட்டிவிட்டுப் போவார்கள். நானும் விட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய ரெக்ஸின் பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ரேடியோ ஏரியல் மாதிரி நீளுகிற கம்பி, நுனியில் காந்தம். வளைத்த சைக்கிள் ஸ்போக் ஒன்று. ஒரு சின்னக் கண்ணாடி. செம்பு வாஷர் காந்தத்தில் ஒட்டாது, அதற்காக ஸ்போக் நுனியில் கிரீஸை அப்பி உள்ளே விடுவார். பாபு பிற்பாடு போனில் மாட்டிப் பார்க்கிற கேமரா ஒயர் ஒன்றும் வாங்கிவந்தான். அதை அவர் பயன்படுத்துவார், ஆனால் அதன்மேல் அவருக்கு மரியாதை இல்லை. "படம் காட்டுது. எடுத்துக் குடுக்க மாட்டேங்குதே" என்பார். கடைசியில் அவர் விரல்தான் போய் எடுத்துவரும். இரண்டு விரல்கள் கத்தரிக்கோல் மாதிரி வெளியே வரும், நடுவில் நட்டு இருக்கும். முகத்தில் சிரிப்பு வராது. பெருமூச்சு வரும், அவ்வளவுதான்.

அந்த ஷெட்டில் அவர் ஏற்படுத்திவைத்த ஒரு வழக்கம் உண்டு. எவன் கையிலிருந்து எது நழுவி இன்ஜினுக்குள் போனாலும் அவன் அந்த நொடியே "உள்ள பூடுச்சி!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னதும் வண்டியில் கைவைத்திருக்கிற அத்தனை பேரும் கையை எடுத்துவிட வேண்டும். வண்டிச் சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். பொருள் கைக்கு வராமல் சாவி திரும்ப வராது. பிறகு டீ சொல்வார். முதல் டீ கீழே விட்டவனுக்கு. அவனை ஒரு வார்த்தை திட்டக்கூடாது. பாபுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். அவனால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள முடிந்தது, இந்த டீயைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

"தப்பு பண்ணவனுக்கு டீ வாங்கிக் குட்க்கணுமா? இன்னா நாயம் அண்ணாத்தே இது?"

"பயந்த கை இன்னொண்ணையும் கீழ உடும். மொதல்ல அவன் குந்தட்டும், டீ குடிக்கட்டும்."

"அதுக்குன்னு திட்டாமகூட உடணுமா?"

"திட்டுனா அடுத்த தபா சொல்ல மாட்டான். சொல்லாம மூடிட்டான்னு வை, நீ எந்த வண்டில போயி தேடுவ?"

இதற்கு முன்னால் அம்பத்தூரில் அவர் இருந்த ஒரு ஷெட்டில் அப்படி ஒருவன் சொல்லாமல் மூடியிருக்கிறான். முதலாளிக்குப் பயந்து, வாஷர் உள்ளே விழுந்ததை மறைத்து, இன்ஜினைப் பூட்டி அனுப்பிவிட்டான். லோடு ஏற்றிக்கொண்டு போன வண்டி பூந்தமல்லி தாண்டுவதற்குள் நடுரோட்டில் நொறுங்கி நின்றது. செய்தி வந்ததும் அவன் பின்பக்கமாக ஓடினவன்தான், திரும்ப வரவேயில்லை. "அவன் செருப்பு ரொம்ப நாளு வாசல்லயே கெடந்துச்சி தங்கச்சி. யாரும் எடுத்துப் போடல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவராக எனக்குச் சொன்ன பழங்கதை அது ஒன்றுதான். எந்த ஊர், என்ன படித்தார், எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார், ஒன்றும் தெரியாது. நான் கேட்கவுமில்லை. எனக்கு அந்த நாட்களில் எதையும் கேட்கிற தெம்பு இருந்ததில்லை. இப்போது அவர் காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டோடு இருப்பதாகப் பாபு சொல்கிறான்.

பொருள் கையில் வருகிறவரை விடமாட்டார் என்பது கேட்பதற்கு நன்றாக இருக்கும். பக்கத்தில் காத்திருக்கிறவனுக்கு அது நரகம். ஒரு மினி லாரிக்காரர் காலையிலிருந்து மாலைவரை அவரைத் திட்டித் தீர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். கோயம்பேட்டுக்குப் போக வேண்டிய காய்கறி வண்டி. டீசல் இன்ஜினின் ஓட்டைக்குள் ஒரு செம்பு வாஷர் போய் உட்கார்ந்துவிட்டது. இவர் கிரீஸ் தடவிய ஸ்போக்கை உள்ளே விடுவதும், வெறுமனே வெளியே இழுப்பதும், துடைத்துவிட்டு மறுபடி கிரீஸ் தடவுவதுமாக இருந்தார். வெயிலில் வெண்டைக்காய் வாடிக்கொண்டிருந்தது.

"செம்புதானேய்யா? சூட்டுல உருகி சைலன்சர் வழியா வெளிய வந்துடும். சாவியக் குடு" என்று லாரிக்காரர் கத்தினார்.

"பொகையா பூடுறதுக்கு அது இன்னா பீடியா நைனா?" என்றார் இவர், திரும்பிப் பார்க்காமல்.

ஷெட்டே சிரித்தது. லாரிக்காரர் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. வாஷர் கிடைத்ததும் இவர் அதை அவர் உள்ளங்கையில் வைத்து, சாவியையும் கொடுத்து, "இப்ப திட்டு நைனா, கேக்கறேன்" என்றார். அந்த மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடிய வெண்டைக்காய்க்கு யார் என்ன செய்வது?

இவ்வளவு தேடுகிற மனிதர் தன் பொருள் எதையும் வைத்த இடத்தில் வைக்கத் தெரியாதவர். கண்ணாடியைத் தொலைப்பார். குடையைத் தொலைப்பார். போனைத் தொலைத்துவிட்டு மாதக்கணக்கில் போனே இல்லாமல் திரிவார். அவர் மனைவி பாபுவின் போனில் கூப்பிட்டு, ரேஷன் கார்டு எங்கே, பீரோ சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார். "அங்கதான் எங்கயாவது கெடக்கும், பாரு" என்று இவர் சாவகாசமாகச் சொல்வார். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் தன் சைக்கிளையே அடையாளம் தெரியாமல் வேறு யாருடையதையோ தள்ளிக்கொண்டு வந்து, அந்த ஆள் துரத்திக்கொண்டு வந்த கதையைப் பாபு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். இவரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் பிரேக் பார்க்க வண்டியை விட்டிருந்தேன். பக்கத்தில், அப்போதுதான் ஓடி வந்து மூடி திறந்து நின்ற இன்னொரு வண்டிமேல் அவர் சாய்ந்துகொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. ஒயர்தான் எரிகிறது என்று நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு பார்த்தால் அவர் கை, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகிற கொதிக்கிற குழாயின்மேல் இருந்தது.

"அண்ணே, கை! கையை எடுங்க!"

எடுத்துப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் சுருண்டிருந்தது. நான் பாட்டில் தண்ணீரை ஊற்றியபோது எனக்குத்தான் உடம்பு கூசியது, அவர் முகம் சுளிக்கவில்லை.

"சுகரு தங்கச்சி. நுனிவிரலு மரத்துப் பூடுச்சி. துணி சுத்திக்கினு தொடுற மாறி கீது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டிக்கினுதான் கீறேன். மாத்தர முழுங்கறேன். வெரலு திரும்பி வர்லியே."

அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. கையில் நட்டு இருக்கிறதா நழுவிவிட்டதா என்பது அவருக்கே தெரியாமல் போனது. சந்தேகம் வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. "உள்ள பூடுச்சி" என்பார். எல்லோரும் கையை எடுப்பார்கள். சாவி அவர் பைக்குப் போகும். தேடுவார்கள். பார்த்தால் அது தரையில் கிடக்கும், இல்லையென்றால் அவருடைய இடது கையிலேயே இருக்கும். "தோ கீது பாரு அண்ணாத்தே" என்று பாபு அவர் கையை விரித்துக் காட்டுவான். அவர் போட்ட சட்டப்படி முதல் டீ அவருக்குத்தான் வரவேண்டும். "எனுக்கு வேணாம், சக்கர ஒத்துக்காது" என்று தள்ளிவிடுவார். சர்க்கரை இல்லாமல் டீ போட்டுத்தர அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா என்ன?

மற்ற ஷெட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பைக்கில் போகிறவர்கள் ஹாரனை அடித்து, "இன்னா அண்ணாத்தே, உள்ள பூடுச்சா?" என்று கத்திவிட்டுப் போவார்கள். அவர் கையை உயர்த்திக் காட்டுவார். பாபு அவருக்குச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துவைத்திருந்தான். கழற்றினதைத் துடைப்பது, துடைத்ததை மாட்டுவது. எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே வரும் என்பது வீட்டில் நோயாளியை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. என் வண்டி சிக்னலில் நின்றால் அணைந்துபோய்க்கொண்டிருந்தது. காற்று போகிற வாயைச் சுத்தம் பண்ணினால் சரியாகிவிடும், மத்தியானம் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பாபு சொல்லியிருந்தான். ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் வருகிற செய்திகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். 'அக்கா, நாளைக்கு அதே டைம்தானே?' 'அக்கா, என் பொண்ணுக்கு ஜன்னல் சீட் வேணுமாம்.' அந்த வருஷம் புதிதாக ஒருவன் ஏ.சி. வேன் வாங்கி, ஃபிளாட் வாசல்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். பாதிப் பேர் மனசு ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. முதல் நாள் காலையில் அந்த வாசல்களில் நான் நிற்கவில்லை என்றால் அவன் நிற்பான். எனக்கு இருப்பது இந்த ஒரு வண்டி, இந்த ஒரு பிழைப்பு.

வேலை முடிகிற கட்டம். இன்ஜினுக்குக் காற்று போகிற அந்த வாய் திறந்திருக்கிற நேரமெல்லாம் அவர் அதில் துணியைச் சுருட்டி அடைத்து, வால் வெளியே தொங்குகிற மாதிரி விட்டிருப்பார். திரும்பப் பூட்டும்போது துணியை எடுத்துத்தானே ஆகவேண்டும். எடுத்தார். டப்பாவிலிருந்து நட்டுகளை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒன்றைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள பூடுச்சி" என்றார். வழக்கம்போல உரக்க அல்ல, தனக்குள் சொல்கிற மாதிரி.

பாபு ஸ்பானரைக் கீழே வைத்தான். "அண்ணாத்தே, வெளாடாத. காலைலேந்து இதே ரோதன."

"இல்ல பாபு. பூடுச்சின்னுதான் தோணுது."

"டப்பாலேந்து எத்தினி எடுத்த?"

"ரெண்டு எடுத்தேன்னு நெனைக்கிறேன்."

"ஒண்ணு பூட்டிக்கீற. இன்னொண்ணு எங்க?"

"அதான் தெர்ல."

'நெனைக்கிறேன்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். டப்பா நிறைய அதே மாதிரி நட்டுகள், ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? தரையைக் காந்தத்தால் கூட்டினோம். கீழே விரித்த தார்ப்பாயை உதறினோம். அவர் தன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். எழுந்து நின்று லுங்கியை உதறினார். கேமரா ஒயரை விட்டுப் பார்த்தான் பாபு. குழாய் வளைகிற இடம்வரை ஒன்றும் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் அது போகவில்லை.

"அக்கா, நான் சொல்றேன், அவுரு ஒண்ணுதான் எடுத்துக்கீறாரு" என்றான் பாபு. "இந்தக் குழாயக் கய்ட்னா நடுவுல கீற கேஸ்கெட் அட்ட கிழிஞ்சிடும். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, ஆவடில ஒரு ஸ்பேர் கட தெறந்திருக்காது. நாளைக்குக் கட தெறந்து, வாங்கியாந்து மாட்டுனா மத்தியானம் ஆவும். பள்ளிக்கோடம் போறவ நீ. யோசிச்சிக்கோ."

நான் அவரைப் பார்த்தேன். கழற்றியே ஆகவேண்டும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மினி லாரிக்காரரிடம் சொன்ன மாதிரி ஏதாவது சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள், எனக்குப் பதிலாக அவர் முடிவெடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனுக்குத் தெர்ல தங்கச்சி. சத்தியமாத் தெர்ல. நீ இன்னா சொல்றியோ அது."

எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருஷமாக யார் கெஞ்சினாலும் கொடுக்காத சாவியை, போயும் போயும் இன்றைக்கு என்னிடமா கொடுக்க வேண்டும்? தெரிந்த வேன்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். திறப்பு நாளில் எவனிடம் உபரி வண்டி இருக்கும்? 'சாரி அக்கா' என்றார்கள். அவருடைய டயர்மேல் போய் உட்கார்ந்தேன். பாபு சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதை மனசில் நினைத்துப் பார்த்தால் அடுத்து வருவது ஆவடி பாலம். பின்னால் தண்ணீர் லாரி. பாலத்து நடுவில் அந்தச் சத்தம். என்னைக் கேட்காமலே கதவைத் திறந்து ரோட்டில் குதிக்கிற பிள்ளைகள் என் வண்டியில் இருக்கிறார்கள். அவர் மேல் பெரிய நம்பிக்கை வைத்து நான் அந்த முடிவை எடுக்கவில்லை. என்னால் அந்தச் சாவியைத் திருக முடியவில்லை, அவ்வளவுதான்.

"கழட்டுங்க" என்றேன்.

பாபு கையிலிருந்த துணியைச் சுருட்டி எறிந்தான். ஆனால் கழற்றினான். வெயில் சாயும்வரை வேலை நடந்தது. கழற்றிய குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்கள். இன்ஜினின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த வழியாகக் காந்தத்தை விட்டுத் துழாவினார்கள். அவர் ஒவ்வொன்றிலும் முதலில் தன் விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, "நீ ஒரு தபா தொட்டுப் பாரு பாபு. என் வெரல நம்பாத" என்பார். கண்ணை மூடவில்லை. உதடு அசையவில்லை.

"இல்ல அண்ணாத்தே. ஒண்ணுமே இல்ல" என்றான் பாபு கடைசியில். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான்.

"நல்லதாப் போச்சி" என்றார் அவர்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். வண்டி ரிப்பேர், நாளைக்கு ஒருநாள் மட்டும் காலையில் பிள்ளைகளை நீங்களே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், மத்தியானம் நான் வந்துவிடுவேன். ஒவ்வொருவராக 'ஓகே அக்கா' என்று போட்டார்கள். அந்த 'ஓகே'யின் அர்த்தம் எனக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் வண்டி தயாராகி நான் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது ஏ.சி. வேன் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் சீட் கேட்ட பெண் அதில் ஜன்னலோரமாக உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் என் வண்டியில் பாதிக்குமேல் காலி.

வாரக் கடைசியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். அவர். துவைத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். போன் தொலைந்துவிட்டதால் நேரில்தான் வர வேண்டியிருந்ததாம். நட்டு கிடைத்தால் சிரிக்கவே சிரிக்காதவர், அன்றைக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிடுச்சி தங்கச்சி!"

காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். நட்டு.

"சட்டக் கைய மடிச்சி உட்டிருந்தேன்ல, அந்த மடிப்புக்குள்ள பூந்துகினு இருந்துக்கீது. எங்க ஊட்ல தொவைக்கசொல்ல டப்புனு உழுந்துச்சாம். நான் சொன்னேன்ல, ரெண்டுதான் எடுத்தேன்! பாபு நம்பினானா?"

அங்கேயே ஓங்கிச் சத்தம் போட வேண்டும் என்று வந்தது எனக்கு. இந்த மடிப்பை அன்றைக்கே பிரித்துப் பார்த்திருந்தால் என்ன? அதற்குள் மணி அடித்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

"ஏறுங்கண்ணே. சேக்காட்டுக்குத்தான் திரும்பப் போறேன், போற வழியில வீட்டுல இறக்கிவிடறேன்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மத்த புள்ளைங்க எங்க?"

"இன்னைக்கு லீவு போட்டிருக்காங்கண்ணே."

"இல்ல ஆன்ட்டி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவங்கல்லாம் இப்ப ஏ.சி. வேன்ல போறாங்க. ஸ்கூல் திறந்த அன்னைக்கு நீங்க வரலைல்ல, அதனால."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி ஆவடி பாலம் ஏறி இறங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காகிதம் அவர் கைக்குள்ளேயே இருந்தது. அவர் வீட்டுத் தெருமுனையில் நிறுத்தினேன். இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"அடுத்த தபா நான் உள்ள பூடுச்சின்னு சொன்னா கேக்காத தங்கச்சி."

"அது எப்படிண்ணே கேக்காம இருக்கறது?"

"கேக்காத. பாபு இன்னா சொல்றானோ அத்தக் கேளு."

பிறகு காகிதத்தைப் பிரித்து நட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "இந்தா. ஒன் வண்டிது. நீயே வெச்சிக்கோ." நான் உள்ளங்கையை விரித்தேன். அவர் கண் என் கையில் இல்லை, எனக்குப் பின்னால் இருந்த காலி சீட்டுகளில் இருந்தது. நட்டு என் கைக்கு வருவதற்கு முன்பே அவர் விரலிலிருந்து நழுவி, என் காலடி ரப்பர் விரிப்பில் சத்தமில்லாமல் விழுந்தது. அவர் விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருக்கிற மாதிரியே இருந்தன. மெதுவாக அவற்றைப் பிரித்தார். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சிண்ணே" என்று வெறும் கையை மூடிக்கொண்டேன்.

தலையை ஆட்டினார். "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் தெருவுக்குள் திரும்பி மறைகிறவரை நான் கையைத் திறக்கவில்லை.